ஹெட்போனைக் கழற்றாமல் குதித்தவன்

டீசல் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு ரகசியம் பேச வராது. இதைக் குணக்கேடு என்று நினைக்கக் கூடாது. தொழிலால் வந்த கோளாறு. இஞ்சின் தடதடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போது, பின்சீட்டில் தூங்கி விழுகிறவருக்கு அவருடைய ஸ்டாப்பிங் வந்துவிட்டதைச் சொல்லியாக வேண்டும். அப்படியே கத்திக் கத்திப் பழகிப்போகும். சாலவாக்கத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவே நான் ஷேர் ஆட்டோ ஓட்டிய காலத்தில், கோயிலில் மனசுக்குள் வேண்டிக்கொள்வதாக நினைத்து நான் வேண்டிக்கொள்வது, வெளியே செருப்பு பார்த்துக்கொள்கிறவர் வரைக்கும் கேட்கும். (மச்சினிக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று ஒருமுறை வேண்டினேன். பிரகாரம் சுற்றி வருவதற்குள் இரண்டு ஜாதகம் வந்துவிட்டது.)

போதாததற்கு என் உடம்பும் ஓர் இடத்தில் நிற்காது. சாப்பிடும்போது கால் ஆடும். தூக்கத்திலும் ஆடுகிறது என்று என் மனைவி அமுதா சொல்வாள். சவாரி நிரம்பும் வரை வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருப்பேன். ஆட்டோ ஓடுகிற தூரத்தைவிட இவன் நடக்கிற தூரம் அதிகம் என்று ஸ்டாண்டில் கேலி செய்வார்கள்.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு மகன். பெயர் தினேஷ். அப்போது நான்கு வயது முடிந்திருந்தது. பேச்சு வரவில்லை. எதையாவது சுற்றிவிட்டு, அது சுற்றி முடியும் வரை பார்த்துக்கொண்டிருப்பான். சொம்பு மூடி, சைக்கிள் சக்கரம், பம்பரம் என்று எதுவானாலும் சரி. ஊரையே திரும்பிப் பார்க்க வைக்கும் என் குரலுக்கு அவன் ஒருவன்தான் திரும்ப மாட்டான். காது கேட்கவில்லையோ என்று சந்தேகப்பட்டோம். ஆனால் எதிர்வீட்டில் பிஸ்கெட் பாக்கெட் பிரித்தால் இங்கிருந்து ஓடுவான். பிஸ்கெட் கேட்கிறது, அப்பன் கேட்கவில்லை. அவன் மூஞ்சிக்கு நேராகக் குனிந்து "இங்க பாரு, நைனா, இங்க பாரு" என்று கெஞ்சுவேன். அவன் என் காதுக்குப் பின்னால் இருக்கிற ஃபேனைப் பார்ப்பான்.

காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டர் அவனைப் பார்த்துவிட்டு, இது ஆட்டிசம் என்றார். சீட்டில் மருந்து எழுதித் தருவார் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"இதுக்கு மருந்து இல்லைங்க. நீங்க ரெண்டு பேரும் பழகுற விதத்துலதான் இருக்கு. அதுக்குப் பயிற்சி தர்றாங்க" என்றார். அப்படியென்றால் நான்தான் மருந்து. என்னை எத்தனை வேளை கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

பயிற்சி சென்னையில். ஒருமுறை கிளம்பிப் பார்த்தோம். செங்கல்பட்டு தாண்டுவதற்குள், பஸ்ஸின் ஏர் ஹாரனுக்குப் பயந்து தினேஷ் கதறிய கதறலில் நாங்களே இறங்கிவிட்டோம். அமுதா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரமாகவே நடந்தாள். நான் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் நடந்தேன். பயிற்சி தரும் வசந்தி மேடத்துக்கு போன் போட்டு, வர முடியாது என்று சொன்னபோது, அவர் வேறொரு வழி சொன்னார். வெளியூர்ப் பெற்றோர் சிலருக்காக சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டர் மூலமாக வகுப்பு நடத்திப் பார்க்கப் போகிறாராம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் போதும். அவர் முகம் தெரியும், பேசுவது கேட்கும். ஒரே ஒரு நிபந்தனை. அம்மா அப்பா இரண்டு பேரும் வர வேண்டும். இடம் கேட்டு நிறைய பேர் காத்திருப்பதால், வராதவர்களுடைய இடம் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும்.

சனிக்கிழமை உத்திரமேரூரில் நல்ல சவாரி கிடைக்கும். "நீ போய் கேட்டுக்கினு வந்து எனுக்கு சொல்லேன்" என்று அமுதாவிடம் நைசாகச் சொன்னேன்.

அவள் அன்றைக்கு நடவுக்குப் போய்விட்டு வந்து காலில் சேறு கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"புள்ள என் மூஞ்சப் பாக்க மாட்டேங்கிறான்னு தெனம் ஒப்பாரி வைக்கிறது நீதான மாமா? அதுக்குத்தான் அந்தம்மா சொல்லித் தர்றேங்கிறாங்க. வந்தா வா. இல்லாங்காட்டி புள்ளையத் தூக்கிக்கினு மானாம்பதிக்கே போயிடறேன். நீ உன் ஆட்டோவோட குடித்தனம் பண்ணு."

மானாம்பதி அவளுடைய அம்மா வீடு. சும்மா சொல்கிற ஆளில்லை அவள். போனேன்.

பஜாரில் ஓர் உரக்கடைக்கு மாடியில் இருந்தது ஜாகீர் பாயின் பிரவுசிங் சென்டர். ஒரு பெரிய ரூமைப் பிளைவுட் பலகைகளால் தடுத்துத் தடுத்து, அறை அறையாகப் பிரித்திருந்தார். ஒவ்வோர் அறையிலும் ஒரு கம்ப்யூட்டர். ஹெட்போன்களை யாரோ ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்ததால், அதன் வயரைப் பலகையில் துளை போட்டுக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார். அந்தப் பலகைகள் தரையில் அறையப்பட்டிருக்கவில்லை, சும்மாதான் நிறுத்தப்பட்டிருந்தன. இது எனக்கு அப்போது தெரியாது. கொஞ்ச நேரத்தில் பஜாருக்கே தெரிந்தது.

பாய் எங்களை மூன்றாவது அறையில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் இணைத்துவிட்டு விளக்கினார்.

"இத பாரு நைனா. பேசணும்னா இந்த பட்டன அழுத்திப் புடிச்சிக்கினே இருக்கணும். வுட்டா ஒருத்தருக்கும் கேக்காது. உனுக்கு புள்ளையும் புடிக்கணும், பட்டனும் புடிக்கணும்னா பேஜாரு. அதனால நான் இங்க ஒரு டிக்கு போட்டு வச்சிட்டேன். இனிமே நீ எதையும் புடிக்க வாணாம், தானா போய்க்கினே இருக்கும்."

இதில் முதல் பாதியை மட்டும் நான் கேட்டேன். இரண்டாம் பாதியை அவர் சொன்னபோது, மேஜைக்கு அடியில் தினேஷின் இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மைக் வைத்த ஹெட்போன் ஒன்றுதான் இருந்தது. அதை நான் மாட்டிக்கொண்டு, கேட்பதை அமுதாவுக்குச் சொல்வது என்று ஏற்பாடு. தினேஷ் கீழே உட்கார்ந்தான். பாய் பெரிய மனசு பண்ணிக் கொடுத்த பழுதான சி.டி.க்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவிட ஆரம்பித்தான். திரையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரத்தில் வசந்தி மேடம் தெரிந்தார். கண்ணாடி போட்ட, அமைதியான முகம். படம் விட்டு விட்டு வந்தது.

காதை இரண்டு பக்கமும் மூடிக்கொண்டவன் எவ்வளவு சத்தமாகப் பேசுவான் என்று உங்களுக்குத் தெரியும். அதில் டீசல் ஆட்டோக்காரனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"இன்னா சொல்றாங்க?" என்றாள் அமுதா.

"வணக்கம் சொல்றாங்க! பாக்க ரேஷன் கடை பில்லு போடற அம்மா மாதிரியே கீறாங்க!"

ஹெட்போனில் மேடம் லேசாக இருமினார். ஆரணியிலிருந்து ஓர் அப்பா, திண்டிவனத்திலிருந்து ஓர் அம்மா, இன்னும் இரண்டு மூன்று பேர் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். ஆரணி அப்பாவின் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"ஆரணிக்காரர் ஒருத்தரு மூக்கால பேசறாரு அமுதா! மூக்குல பஞ்சு வச்சிக்கினு கீறாரோ இன்னாவோ!"

ஹெட்போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு அதே குரல் வருத்தமாகச் சொன்னது: "எனக்கு சளிங்க."

மேடத்திடம் உடம்பு விஷயம் சொல்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"யாரோ மைக்கைத் திறந்து வச்சிருக்கீங்க. கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார் மேடம்.

"எவனோ மைக்க தெறந்து வச்சிக்கினு ஊர்க்கதை பேசிக்கினு கீறானாம்! இதுக்கெல்லாம் வந்து உக்கார்றானுங்க பாரு!" என்று நான் அமுதாவுக்கு மொழிபெயர்த்தேன். பக்கத்து அறையில் தன் பெண்ணுக்கு வரன் பார்ப்பதற்காக பயோடேட்டா டைப் அடித்துக்கொண்டிருந்த பெரியவர், பலகைக்கு மேலே எழுந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

மேடம் பாடத்தைத் தொடங்கினார். குழந்தையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நம் பக்கம் இழுக்க வேண்டாம். நாம் அவன் பக்கம் போவோம். அவன் என்ன செய்கிறானோ அதையே, பக்கத்தில் உட்கார்ந்து நாமும் செய்வோம். கேலியாக இல்லை, விளையாட்டில் சேர்ந்துகொள்கிற மாதிரி. பிறகு நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். "இங்க பாரு, இங்க பாரு"ன்னு சொல்லவே கூடாது.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு ஊசி மாதிரி இறங்கியது. நாள் முழுக்க நான் சொல்கிற ஒரே வாக்கியத்தை வேண்டாம் என்கிறார். கோபம் வந்தது.

"இந்தம்மாவுக்கு புள்ள கீதோ இல்லையோ! ஏசி ரூமுல உக்காந்துக்கினு சொல்றது சுலபம்!"

மேடம் பேச்சை நிறுத்தினார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. அவளுக்கும் ஆட்டிசம்தான். இங்க ஏசியும் இல்லைங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "அமுதா! நான் நெனைக்கிறதை அப்படியே கண்டுபுடிச்சி சொல்றாங்க!"

இவ்வளவுக்கு அப்புறமாவது ஒருவனுக்குச் சந்தேகம் வர வேண்டும். எனக்கு பக்திதான் வந்தது.

ஆரணி அப்பா, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டார். "உங்களால இனிமே முடியாதுன்னு தோணும் பாருங்க, அதுக்கு மேல இன்னும் கொஞ்ச நேரம்" என்றார் மேடம். "இப்ப எல்லாரும் அவங்கவங்க குழந்தையோட செஞ்சு பாருங்க. நான்..."

அதோடு நின்றார். ஒரு கை மேலே தூக்கியபடி, வாய் பாதி திறந்தபடி, கண் பாதி மூடியபடி அப்படியே இருந்தார். சத்தமும் இல்லை.

"இன்னா ஆச்சு?" என்றாள் அமுதா.

"காத்துக்கினு கீறாங்க."

அவளும் எட்டிப் பார்த்தாள். "காத்திருக்கறது எப்புடின்னு செஞ்சி காட்றாங்க மாமா."

பார்த்துக்கொண்டே இருந்தோம். என் கால் ஆடியது. கை மேஜையில் தாளம் போட்டது. எழுந்தேன், உட்கார்ந்தேன். மேடம் கை இறங்கவில்லை. கண் இமைகூட அசையவில்லை. நானானால் அதற்குள் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு சவாரி அடித்துவிட்டு வந்திருப்பேன். பொறுமை என்றால் இதுவல்லவா பொறுமை என்று மலைத்துப்போனேன். (லைன் தொங்கிவிட்டது என்பதை எங்களுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. பாய் கீழே டீ குடிக்கப் போயிருந்தார்.)

"அந்தம்மா அவ்ளோ கஷ்டப்பட்டு நிக்கிறாங்க. நீ கீழ உக்காரேன்" என்றாள் அமுதா.

உட்கார்ந்தேன். ஹெட்போனைக் கழற்றவில்லை, மேடம் எந்த நேரமும் பேசலாம். ஒரு சி.டி.யை எடுத்துச் சுற்றினேன். என்னுடையது நாலு சுற்றுச் சுற்றி, குடித்தவன் மாதிரித் தள்ளாடி விழுந்தது. தினேஷுடையது வெள்ளித் தட்டு மாதிரி நின்று சுழன்றது. மறுபடி சுற்றினேன். மறுபடி விழுந்தது. அவன் கை நின்றது. என் சி.டி.யைப் பார்த்தான். அவனுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "இங்க பாரு" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினேன். காத்திருந்தேன். முழங்கால் தானாகத் துடித்தது. இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். என்னால் இனிமேல் முடியாது என்று தோன்றியது. அதற்கு மேலும் கொஞ்ச நேரம் இருந்தேன்.

தினேஷ் எழுந்தான். இரண்டு கைகளையும் இறக்கை மாதிரி உதறிக்கொண்டு குதித்தான். சந்தோஷம் வந்தால் அப்படித்தான் குதிப்பான்.

நானும் எழுந்தேன். கைகளை உதறிக்கொண்டு குதித்தேன். காத்திருந்து காத்திருந்து கட்டிப்போட்டிருந்த உடம்பு. உட்கார் என்றால்தான் அதற்குக் கஷ்டம், குதி என்றால் கேட்க வேண்டுமா? முதல் குதியில் ஹெட்போன் வயர் விறைத்தது. இரண்டாவது குதியில், வயர் கட்டியிருந்த பிளைவுட் பலகை என் பக்கம் சாய்ந்து பார்த்துவிட்டு, பிறகு மனசு மாறி அந்தப் பக்கம் போனது. அங்கே பயோடேட்டா பெரியவர். "யோவ்!" என்ற அவருடைய குரலும் பலகையும் ஒன்றாக இறங்கின. அந்த அறையின் மறுபக்கத்துப் பலகை அதற்கடுத்த அறை மேல் போய்ச் சாய்ந்தது. கடைசிப் பலகை நேராக மெயின் சுவிட்ச் மேல் விழுந்தது.

கம்ப்யூட்டர்கள் அணைந்தன. ஃபேன்கள் நின்றன. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் "ஐயய்யோ" என்றார்கள்.

பலகைகள் படுத்துவிட்டதால் இப்போது அது ஒரே ரூம். அதன் நடுவில், காதில் ஹெட்போனோடும் தோளில் அறுந்த வயரோடும், கையை விரித்துக்கொண்டு நான். சத்தம் கேட்டு உரக்கடையிலிருந்து ஏறி வந்த ஓர் அம்மா என்னைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா வந்துட்டா! யாராச்சும் வேப்பிலை கொண்டாங்கப்பா!"

பயோடேட்டா பெரியவர் தலைக்கு மேலிருந்த பலகையைத் தள்ளிவிட்டு, அமுதாவைப் பார்த்து, "யாரும்மா இந்த ஆளு?" என்றார்.

அமுதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "எனுக்கு இந்த ஆளத் தெரியாதுங்க" என்றாள்.

அவமானத்தில் என் காது சுட்டது. ஓடிவிடலாம் என்று வாசலைப் பார்த்தேன். அப்போது என் சட்டையை யாரோ இழுத்தார்கள். குனிந்தேன்.

தினேஷ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் காதைத் தாண்டி அல்ல, என் கண்ணை. நின்றுபோன ஃபேன் மேலேயே இருந்தது; அதை அவன் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்து, வாய் திறந்து சிரித்தான். பிறகு என் இரண்டு கையையும் பிடித்து மேலே தூக்கினான். இன்னொரு தரம் வேண்டுமாம்.

குதித்தேன். அவனும் குதித்தான். கீழே கிடந்த பிளைவுட் 'டமால் டமால்' என்றது.

டீ கிளாஸோடு ஓடி வந்த ஜாகீர் பாய் வாசலிலேயே நின்றுவிட்டார். "யோவ் நைனா! நிறுத்துய்யா! இன்னா பேஜாரு இது!"

"பாய், பாக்கறான் பாய்! பாக்கறான்!"

"எவன்யா பாக்கறான்? ஊரே பாக்குது!"

"எம்புள்ள பாய்! எம்மூஞ்சப் பாக்கறான்!"

சொல்லிக்கொண்டே அழுதேன். (என் அழுகையும் டீசல் சத்தம்தான்.) அமுதா முந்தானையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். அவள்தான் பாயிடமும் பெரியவரிடமும் விஷயத்தைச் சொன்னாள். பெரியவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே தினேஷைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி, குதி. ஆனா அந்தாண்ட போயி குதி" என்றார்.

மறுநாள் நானே சுத்தியும் ஆணியும் எடுத்துப் போய், பலகைகளைத் தரையோடு சேர்த்து அறைந்து கொடுத்தேன். அதற்கு முன்னால், அன்று சாயங்காலமே, வசந்தி மேடத்துக்கு போன் போட்டேன். பாதியில் காணாமல் போனதால் இடம் பறிபோயிருக்கும் என்று பயம்.

"மேடம், சாலவாக்கத்துலருந்து பேசறேன். லைன் கட்டாயிடுச்சி. உங்களுக்கு ஒண்ணும் கேட்டிருக்காது..."

"இல்லைங்களே. எங்க பக்கத்துலருந்து வர்றதுதான் நின்னுடுச்சு. உங்க பக்கம் நல்லாவே கேட்டுது. ஆரம்பத்துலருந்து."

"ஆரம்பத்துலருந்துன்னா?"

"ரேஷன் கடையிலருந்து."

போன் பூத் கதவைப் பிடித்துக்கொண்டேன். பஞ்சு, சளி, ஏசி எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கின. மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசியவன் யார் என்பதும் விளங்கியது.

"மேடம், என் எடம் போயிடுச்சா?"

"அது இருக்கட்டும். கடைசியா ஒரு பெரிய சத்தம் வந்துச்சே, அப்ப பையன் என்ன செஞ்சான்?"

"சிரிச்சான் மேடம்."

"யாரைப் பாத்து?"

"என்னைய பாத்து."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மறுபடியும் லைன் தொங்கிவிட்டது என்று "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன்.

"இருக்கேங்க" என்றார். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "அடுத்த சனிக்கிழமை வாங்க. மொதல்ல மைக்கை எப்படி மூடறதுன்னு சொல்லித் தர்றேன்."

போனோம். சனிக்கிழமை சவாரிகளை மற்ற ஆட்டோக்காரர்கள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். ஆரணி அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குச் சளி போயிருந்தது. ஆனாலும் குரல் அப்படியேதான் இருந்தது. இன்றைக்கும் போன் செய்தால், "பஞ்சு பேசறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

தினேஷ் இப்போது என்னைவிட உயரம். நாலைந்து வார்த்தை பேசுவான். மற்றதை போனில் படத்தைத் தொட்டுக் காட்டுவான். ஒன்று மட்டும் மாறவில்லை. ரொம்ப சந்தோஷம் வந்துவிட்டால், எங்கே இருந்தாலும் என் எதிரில் வந்து நின்று, கண்ணைப் பார்த்து, என் கையைத் தூக்குவான். நான் குதித்தாக வேண்டும். ரேஷன் கடை வரிசையில் குதித்திருக்கிறேன், பேங்கில் குதித்திருக்கிறேன். துக்க வீட்டில் ஒருமுறை, பந்தலுக்குப் பின்னால் போய்க் குதித்தேன். முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற அமுதா, வெளியிடத்தில் என்றால் பத்தடி தள்ளி நின்று, யாரும் கேட்காமலேயே "எனுக்கு இந்த ஆளத் தெரியாதுங்க" என்பாள்.

போன தை மாசம் ராஜகுளத்தில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். குடும்பப் போட்டோ எடுக்க எல்லோரையும் மேடையில் நிறுத்தி, அசையாதீங்க, அசையாதீங்க என்று போட்டோக்காரர் கத்திக்கொண்டிருந்தார். தினேஷ் வரிசையை விட்டு வந்து என் கையைத் தூக்கினான். நான் குதிப்பதற்குள், கல்யாணப் பெண் சிரித்துக்கொண்டே அவள் புருஷன் கையைப் பிடித்து இழுத்தாள்.

அந்தப் போட்டோ இப்போது அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. பெண், மாப்பிள்ளை, என் அண்ணன், அண்ணி, குழந்தைகள், மாலையெல்லாம் மூஞ்சிக்கு மேலே பறக்க அத்தனை பேரும் அந்தரத்தில் இருக்கிறார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் மட்டும் தரையில் நின்று திருதிருவென்று விழிக்கிறார். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. ஓரத்தில் ஒருத்தி பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும்விட ஒரு முழம் உயரத்தில் இருக்கிறாள். அது அமுதா.